இரண்டும் இடது கால்

ஆம்பூரில் எதிரே ஒருவன் வந்தால் ஜனங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, தொழில் புத்தி. தையல் எப்படி, சோல் எந்தக் கம்பெனி, தோல் ஆடா மாடா என்று ஒரே பார்வையில் எடை போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் "நல்லா கீறீங்களா" என்று நிமிர்வார்கள். இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே ஷூ கம்பெனியில் வேலையும் பார்த்துக்கொண்டு, அதை மறந்து தொலைத்த ஒரு மனுஷன் உண்டு. வக்கார் அகமது என்று பேர்.

வக்காருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி தௌசீப் பள்ளிக்கூடத்துப் பையன். அவனுக்குத் தலைவாரி, டிபன் கட்டி, ஷூ டிசைன் டிப்ளமோ வரைக்கும் படிக்கவைத்தது இவன்தான். பெண் பார்க்கப் போன இடத்திலேயே "தம்பி எங்கூடத்தான் இருப்பான், அதுக்கு சம்மதம்னா மேல பேசலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் சஹரைக் கட்டிக்கொண்டான். சொத்துக்கு அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகளைப் பஞ்சாயத்துப் பண்ண வருகிறவர்கள் "வக்கார் பாயைப் பாருங்கப்பா, அவர்கிட்ட கத்துக்கோங்க" என்பார்கள். அதைக் கேட்டு வக்காருக்கு உள்ளூரப் பெருமைதான். ஏன் இருக்கக்கூடாது? சும்மா வந்த பேரா அது?

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ஒரு பைத்தியம் உண்டு. விண்வெளிப் படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் தமிழில் டப்பிங் பண்ணிப் போடுவார்களே, அது. வெள்ளைக்காரன் ராக்கெட்டில் இருந்துகொண்டு "அடச்சே, இஞ்சின் ஊத்திக்கிச்சே" என்று மெட்ராஸ் தமிழ் பேசுவான். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அந்தப் படங்களில் எப்படியும் ஒரு கட்டம் வந்துவிடும். எங்கேயோ ஒரு பாழுங்கிரகத்தில் இரண்டு பேர் மாட்டிக்கொள்வார்கள். கூடப் பிறந்தவர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் கூடப் பிறந்தவர்கள் மாதிரிப் பழகியவர்கள். ஒருத்தருக்கு மட்டும்தான் காற்று மிச்சம் இருக்கும். மூத்தவன் தன் குழாயைக் கழற்றி இளையவனுக்கு மாட்டிவிட்டு, "போ" என்று தள்ளிவிடுவான். சின்னப் பையன் தௌசீப் தேம்பித் தேம்பி அழுவான்.

"பாய், அங்க நாம மாட்டிக்கிட்டா நீ இன்னா பண்ணுவ?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாடா? உனக்குத்தான்."

எத்தனை படம் பார்த்தார்களோ அத்தனை தடவை இந்தக் கேள்வி, இதே பதில். தௌசீப் வளர்ந்து மீசை வைத்த பிறகும் விடவில்லை. வளர்ந்தவன் அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்து வைத்திருந்தான். "ஊருக்குள்ள அண்ணன் தம்பி ஒத்துமையா இருக்கறது ஒண்ணும் பெரிசில்ல பாய். பக்கத்து வீட்டுக்காரன் பாக்கறான், பள்ளிவாசல்ல பாக்கறாங்க. பயத்துலயே நல்லவனா இருந்துடலாம். அந்தப் படத்துல ஏன் அவ்ளோ தூரம் கொண்டுபோய் வுடறான் தெரியுமா? அங்க பாக்கறதுக்கு ஒரு ஈ காக்கா கிடையாது. அங்க எவன் குழாயைக் கழட்டறானோ அவன்தான் அண்ணன்." வக்கார் சிரித்துவிட்டு அவன் தலையில் ஒரு தட்டு தட்டினான்.

டிப்ளமோ முடித்த கையோடு தௌசீப் தானே ஒரு விண்வெளிப் படம் எடுக்கக் கிளம்பினான். இருபது நிமிஷக் குறும்படம். இரண்டு அண்ணன் தம்பி, ஒரு செத்த கிரகம், ஒருத்தருக்கு மட்டும் காற்று. கிரகத்துக்கு எங்கே போவது? பாலாறு இருக்கிறதே! தண்ணீர் இல்லாத பாலாற்றில் உச்சி வெயிலில் காமிராவைத் தரையோடு வைத்தால் எந்தக் கிரகம் வேண்டுமானாலும் தயார். தண்ணி கேனை அறுத்து ஹெல்மெட் ஆயிற்று. கழிவுக் கடையில் எடைக்கு வாங்கிய வெள்ளித் துணியை வக்காரே தைத்து விண்வெளி உடுப்பு ஆக்கினான். தம்பி வேஷம் தௌசீப்புக்கு, அண்ணன் வேஷம் வக்காருக்கு. "எனக்கு எங்கடா நடிப்பு வரும்" என்று கூச்சப்பட்டவன், ஹெல்மெட்டை மாட்டியதும் வீட்டுக்குள் மெதுவாக மிதப்பது மாதிரி நடந்து காட்டினான். அவன் மகள் இஃப்ரா கைதட்டிச் சிரித்தாள்.

எல்லாம் கூடிவந்தது, பூட்ஸ்தான் இல்லை. ரப்பர் செருப்போடு எவன் விண்வெளிக்குப் போவான்?

வக்கார் வேலை பார்ப்பது சாம்பிள் ரூமில். புது மாடல் ஷூ முதன்முதலில் உருவாகிற இடம் அது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர்களுக்குக் காட்டுகிற சாம்பிளை ஜோடியாகச் செய்ய மாட்டார்கள், ஒற்றைக் காலுக்குத்தான் செய்வார்கள். அந்தக் கம்பெனியில் எப்போதும் இடது கால். யாரும் திருடிப் போட்டுக்கொள்ள முடியாது பாருங்கள், அதற்குத்தான். அந்த வருஷம் ஒரு குளிர்கால பூட்ஸ் வந்திருந்தது. சாம்பல் நிறம், வெள்ளிப் பட்டை, பாறை மாதிரி சோல். விண்வெளிக்கென்றே செய்ததுபோல் இருந்தது. பையருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று இரண்டு செய்திருந்தார்கள். ஒன்று ரேக்கில் நின்றது. மற்றொன்று பூட்டிய பீரோவில் இருந்தது. பீரோ சாவி வக்காரின் இடுப்பில் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொல்லவில்லை. வக்கார் பாயையா சோதிப்பார்கள்?

"ரெண்டும் இடதுகால்தானே பாய்?" என்றான் தௌசீப், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு.

"யார்றா பாக்கப்போறான்? திங்கக்கெழம காலைல திரும்ப வெச்சிடணும். சீக்கிரம் எடு."

சொன்னான் பாருங்கள், ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு!

ஞாயிற்றுக்கிழமை தௌசீப் வலது காலை இடது பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு பொரியும் மணலில் நொண்டி நொண்டி நடந்தான். கால் கன்றிப்போயிற்று. இருந்தது ஒரே ஜோடி என்பதால் வக்காரின் கால் காமிராவில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். காற்றுக் குழாயைக் கொடுக்கிற கடைசிக் காட்சிக்கு வெளிச்சம் போதவில்லை, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்கள். திங்கட்கிழமை பூட்ஸை மணல் போகத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான் வக்கார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அத்தோடு போயிருக்கும். ஆனால் தௌசீப் ஆசை தாங்காமல் அரை நிமிஷ டீசர் ஒன்றை போனில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். யாருமில்லாத மணல்வெளி, அதில் நீளமாகப் போகும் காலடித் தடங்கள், அவ்வளவுதான்.

வெளியூர்க்காரன் பார்த்திருந்தால் "ஆகா, என்ன ஷாட்" என்றிருப்பான். ஆம்பூர் பார்த்தது. கட்டிங், தையல், பேக்கிங் என்று அத்தனை கம்பெனிக்காரனும் பார்த்தான். "டேய், ரெண்டும் லெஃப்ட்டுடா!" "அந்த கிரகத்துல வலது காலே கிடையாதா?" என்று குரூப் குரூப்பாகச் சிரித்துத் தீர்த்தார்கள். சிரிப்பு ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் சாம்பிள் ரூம் மேனேஜர் சீனிவாசனின் போனுக்கு வந்து நின்றது. அவர் சிரிக்கவில்லை. மணலில் பதிந்திருந்த சோல் அவருக்குத் தெரிந்த சோல். கடைக்கு வரும்வரை அதன் படம் வெளியே போகக்கூடாது என்பது பையர் போட்ட கண்டிஷன்.

வக்காரைத் தன் ஏசி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாருப்பா எடுத்தது? மேல கேக்கறாங்க. எனக்கு ஒரு பேரு வேணும்."

கதவுக்கு இந்தப் பக்கம் வரும்வரை வக்கார் ஒழுங்காகத்தான் வந்தான். "நான்தான் சார், புத்தி கெட்டுப்போய் செஞ்சிட்டேன்" என்று சொல்ல வேண்டியதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டான். ஆனால் அந்தக் குளிர்ச்சியில், எதிரே ஒரே ஒரு ஆளோடு நின்றபோது, அவனுக்கு வேறு என்னென்னவோ கண்ணில் ஓடிற்று. வேலை போய்விடும். திருடன் என்று இன்னொரு கம்பெனியும் சேர்க்காது. இஃப்ராவின் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பேர். வக்கார் பாயைப் பாருங்கப்பா என்கிற அந்தப் பேர். வாய் தானாகத் திறந்தது.

"தம்பி சார். போன வாரம் இன்டர்வியூவுக்கு உள்ள வந்தான் இல்ல, அப்ப எடுத்துருக்கான். எனக்குத் தெரியாது. தெரிஞ்சதும் நான்தான் திருப்பிக் கொண்டாந்து வெச்சேன்."

தௌசீப்புக்கு அதே கம்பெனியில் டிசைன் செக்‌ஷனில் டிரெய்னி வேலை முடிவாகியிருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். புதுச் சட்டை எடுத்து, சஹர் அதை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். அது வக்காருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

சீனிவாசன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, போ" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டே வந்தான். சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவன் வந்து சேர்வதற்கு முன்பே கம்பெனியிலிருந்து தௌசீப்பைக் கூப்பிட்டு அனுப்பி, விசாரித்து, வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நீயான்னு கேட்டாங்க பாய். ஆமான்னுட்டேன்" என்றான் தௌசீப். சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். திட்டியிருக்கலாம், தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறிந்திருந்தால் வக்காருக்கு மூச்சாவது வந்திருக்கும். சஹர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய், ஆணியில் இருந்த சட்டையை மடித்து உள்ளே வைத்தாள்.

தௌசீப் ஜோலார்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குச் சேர்ந்தான். காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் வருவான். "பாய், டீ குடிக்கிறியா?" என்று முன்போலவே கேட்பான். அந்த டீ வக்காருக்கு இறங்காது. கடைசிக் காட்சி எடுக்க ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது "ஓவர்டைம்டா" என்றான். ஓவர்டைமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டு, வந்துபோகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பிக்குத் தன் குழாயைக் கழற்றி மாட்டுகிற வேஷத்தை எந்த மூஞ்சியோடு போடுவது? தெருக்காரப் பையன் இன்பராஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அண்ணனாக நின்று கொடுத்தான். முதுகுப் பக்கமாக எடுத்தால் உள்ளே இருப்பது யாரென்று எவருக்குத் தெரியப்போகிறது.

கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படத்தைத் திரையிட்டார்கள். கம்பெனி ஜனம் பாதிக்கு மேல் வந்திருந்தது. வராமல் இருந்தால் ஏதாவது நினைப்பார்கள் என்று வக்காரும் சஹரோடும் இஃப்ராவோடும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். மணலில் காலடித் தடம் வந்ததும் விசில் பறந்தது. "லெஃப்ட்டு, லெஃப்ட்டு!" என்று ராணுவ நடைக்குக் கத்துகிற மாதிரி கத்தினார்கள். வக்காரும் பல்லைக் காட்டி வைத்தான்.

கடைசிக் காட்சி வந்தது. எத்தனையோ தடவை சேர்ந்து உட்கார்ந்து பேசிய காட்சி, அவனுக்கு மனப்பாடம். அண்ணன் குழாயைக் கழற்றுவான், தம்பி மாட்டேன் என்பான், அண்ணன் போ என்பான். ஆனால் திரையில் வேறு என்னவோ நடந்தது. தம்பிதான் தன் குழாயைக் கழற்றினான். "நீ போ பாய். உனக்கு வீட்ல குழந்த கீது" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே. ஹெல்மெட்டுக்குள் தௌசீப்பின் கண் நிறைந்து, ஆனால் வழியாமல் நின்றது. அண்ணன் கையை நீட்டிக் குழாயை வாங்கிக்கொண்டான். திரும்பி மணலில் நடந்தான். நடந்து சின்னதாகி மறைந்தான்.

மண்டபத்தில் விசில் இல்லை. யாரோ இருமினார்கள்.

"அப்பா, அவரு ஏன் வாங்கிக்கிட்டாரு? சாச்சா பாவம்ல?" என்றாள் இஃப்ரா, திரையில் சித்தப்பாவைக் காட்டிச் சத்தமாக.

"சும்மா இரு" என்றாள் சஹர். முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பி, வக்காரைப் பார்த்துவிட்டு, சட்டென்று திரும்பிக்கொண்டன. அவன் விளக்குப் போடுவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டான். உள்ளே கைதட்டுகிற சத்தம் அவனுக்குப் பின்னால் கேட்டது.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனதும் போகாததுமாகச் சீனிவாசனின் கதவைத் தட்டினான்.

"சார், அந்த பூட்ஸ் நான்தான் எடுத்தேன். தம்பி இல்ல. என் வேலை போனாலும் பரவால்ல."

நாற்காலியில் உட்காரச் சொல்வார், அதிர்ச்சி ஆவார், கத்துவார் என்றெல்லாம் நினைத்திருந்தான். அவர் கையிலிருந்த தோல் துண்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்பா."

"சார்?"

"மணல்ல ரெண்டு கால் தடம் இருந்துச்சு. ஒரு பூட்ஸ் ரேக்ல நின்னது, எவன் வேணா எடுத்திருக்கலாம். ரெண்டாவது? அது பூட்டின பீரோல இருந்தது. சாவி யார் இடுப்புல இருக்கு?"

வக்காரின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. ஒரு காலுக்குப் பொய் சொல்லிவிட்டு மற்ற காலை அப்படியே விட்டிருக்கிறான், மடையன்.

"தெரிஞ்சும் ஏன் சார்..."

"சீசன் ஆரம்பிக்கற நேரத்துல சாம்பிள்காரனை அனுப்பிட்டு நான் இன்னா பண்றது? மேல ஒரு பேரு கேட்டாங்க. நீ ஒரு பேரைக் குடுத்தே. நானும் அதையே குடுத்தேன். எனக்கும் அது உறுத்தல்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மட்டுமா தெரியும்? இது ஆம்பூருப்பா. ரூம்ல கூட்டற அம்மாவுக்குக்கூட தெரியும்."

"தம்பிக்கு அந்த வேலையக் குடுங்க சார். என்னை எடுத்துடுங்க."

"அதுல வேற பையன் சேந்து ரெண்டு வாரம் ஆச்சு. போ. போய் வேலையப் பாரு."

தண்டனைகூடக் கிடைக்கவில்லை. வக்கார் போய் தன் மேஜையில் உட்கார்ந்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் எப்போதும்போல "வாங்க பாய்" என்றார்கள். இத்தனை நாளும் இப்படித்தானே சொன்னார்கள்! எல்லாம் தெரிந்துகொண்டு, கூடவே உட்கார்ந்து சாப்பிட்டு, அவன் ஊறுகாயை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளாமல். மண்டபத்தில் "லெஃப்ட்டு" என்று கத்தியவர்களுக்கும் தெரியும், திரும்பிப் பார்த்தவர்களுக்கும் தெரியும். எந்தப் பேரைக் காப்பாற்றுவதற்குத் தம்பியைக் கொடுத்தானோ அந்தப் பேர் அன்றைக்கே போய்விட்டிருந்தது. போனது தெரியாமல் அதைப் போர்த்திக்கொண்டு ஊருக்குள் சுற்றியவன் அவன் ஒருவன்தான். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது அவனுக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தௌசீப் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு படத்துச் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தான். வக்கார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சார்கிட்ட சொல்லிட்டேன்டா. நான்தான் எடுத்தேன்னு."

"ம்."

"அவருக்கு முன்னாடியே தெரியுமாம்."

"தெரியும் பாய். ரெண்டாவது பூட்ஸ் எங்க இருந்துச்சுன்னு எங்கிட்ட கேட்டாரு. எனக்குத் தெரியல, முழிச்சேன். அவரே சரி வுடுன்னுட்டாரு."

"அப்புறம் ஏன்டா ஒத்துக்கின?"

தௌசீப் வெள்ளித் துணியை மடித்துக்கொண்டே சொன்னான். "நீ சொல்லிட்டியே பாய். நான் இல்லேன்னா, உன்னைப் பொய்க்காரன்னுதானே சொல்லுவாங்க."

மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை, வக்கார் வழியெல்லாம் அதைத்தான் சுமந்துகொண்டு வந்திருந்தான். அது வெளியே வரவில்லை. வேறு எதையோ கேட்டான்.

"கடைசிக் காட்சிய எனக்காகத்தான் மாத்துனியா?"

தௌசீப் மடிப்பதை நிறுத்திவிட்டு, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. சினிமாவைப் பற்றிப் பேசும்போது வருகிற அந்தப் பழைய சின்னப் பையன் முகம்தான் இருந்தது.

"அதெல்லாம் இல்ல பாய். நீ ஷூட்டிங்குக்கு வரல. இன்பராஜுக்கு நடிப்பு சுத்தமா வராது. குடுக்கறவன்னா மூஞ்சில எல்லாத்தையும் காட்டணும். வாங்கிக்கறவன் சும்மா நின்னாலே போதும். அதான் மாத்திட்டேன்."

பிறகு கீழே கிடந்த தண்ணி கேன் ஹெல்மெட்டைக் குனிந்து எடுத்தான். பரணில் இடம் பண்ண இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"இத்தக் கொஞ்சம் புடி பாய்" என்று நீட்டினான்.

வக்கார் வாங்கிக்கொண்டு நின்றான்.